ஆண்டவரும் ஒரு ஆமிக்காரரும்

ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் கேட்கும் கேள்விகளில் மிகச் சுலபமானது, உனக்காக உயிரைக் கொடுத்தவர் யார் என்பதுதான். ஒன்றும் படிக்காத பிள்ளையும் இயேசு என்று சொல்லித் தப்பிவிடும். நான் மட்டும் எழுந்து நின்று, “இயேசுவும் ஒரு ஆமிக்காரரும்” என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அம்மா எனக்குச் சொல்லித் தந்ததே அப்படித்தான். இயேசு பிறந்த நத்தாருக்கு மறுநாள், கல்லடிக் கடற்கரையோரம் சின்னம்மா வீட்டில் நாங்கள் நின்றபோதுதான் கடல் ஊருக்குள் வந்தது. எனக்கு நாலு வயது. அம்மாவின் கையிலிருந்து வழுகிப் போன என்னை, பக்கத்துக் காவலரணில் இருந்த ஒரு சிங்களச் சிப்பாய் துவக்கை எறிந்துவிட்டுப் பாய்ந்து பிடித்து, மாடிப்படியில் நின்ற அம்மாவிடம் தூக்கிக் கொடுத்தாராம். இன்னொரு பிள்ளை கத்துவது கேட்டுத் திரும்பிப் போனவர், போனவர்தான். பெயர்கூடத் தெரியாது. “அவருக்கு நீந்தவும் வடிவாத் தெரியா, மகள்” என்றுதான் அம்மா ஒவ்வொரு முறையும் கதையை முடிப்பார்.

இந்தக் கதை அம்மாவின் மூத்த அண்ணனான பெரிய மாமாவுக்கு ஆகாது. அவர் கோயில் மூப்பர். அவருடைய தம்பி, எங்கள் சின்ன மாமா, சண்டைக் காலத்தில் சூடுபட்டு இறந்தவர். சுட்டது யார் என்பதில் பெரிய மாமாவுக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. வகுப்பில் நான் சொன்ன பதில் எனக்கு முன்னரே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மாமா முற்றத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தார்.

“ஆமிக்காரன ஆண்டவரோட சேத்துச் சொல்ல ஆர் இவளுக்குப் படிப்பிச்சது?”

“நான்தான் அண்ணன்” என்று அம்மா அகப்பையோடு குசினியிலிருந்து வெளியே வந்தார். “சிலுவையடியில ஆண்டவர அடையாளம் கண்டவனும் ஒரு சிப்பாய்தானே. பெரிய வெள்ளிக்கு நீங்கதானே அத வாசிச்சீங்க?”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அது சண்டை முடிந்த வருசம். மரித்தோர் திருநாள் வந்தது. தன்னாமுனைச் சேமக்காலையில் எல்லோரும் தங்கள் கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி ஏற்றினார்கள். அம்மா சின்ன மாமாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் மணலைக் குவித்து, இன்னொரு மெழுகுதிரியை நட்டார். சனம் ஒன்றை ஒன்று பார்த்தது.

ஒவ்வொரு கல்லறையிலும் பங்குச் சாமி தீர்த்தம் தெளிப்பார், மூப்பர் செபத்தைத் தொடங்குவார், ஊர் பதில் சொல்லும். மூப்பர் வாய் திறக்காவிட்டால் ஒருவரும் திறக்கமாட்டார்கள். அது எங்கள் வழக்கம்.

சாமி மணல் குவியலுக்கு முன்னால் வந்து நின்றார். “இது ஆர்?”

“பேர் தெரியா, சாமி. இவளக் காப்பாத்திப்போட்டுச் செத்தவர்.”

சாமி தீர்த்தம் தெளித்தார். அடுத்தது மாமாவின் முறை. மாமா பேசவில்லை. அம்மா என் கையை நோகும்படி இறுக்கிப் பிடித்தார். அந்தச் சிப்பாய்க்கு ஒரு செபம் கிடைக்குமா இல்லையா என்று அம்மா துடித்துக்கொண்டிருக்க, நான் மாமாவைப் பார்த்துப் பாவப்பட்டேன். இத்தனை கல்லறைக்கும் சொன்ன மனிதருக்குச் செபம் மறந்துபோய்விட்டது! கையை விடுவித்துக்கொண்டு மெல்லப் போய் அவருடைய வேட்டியை இழுத்து, செபத்தின் முதல் சொல்லை ரகசியமாக எடுத்துக் கொடுத்தேன்.

மாமா என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு தொடங்கினார். முதலில் குரல் உடைந்தது, அப்புறம் எழும்பியது. மற்றக் கல்லறைகளில் முணுமுணுத்த சனம் இதற்கு உரத்துப் பதில் சொன்னது. வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். எல்லாருக்கும் மேலால் சிஸ்டரின் குரல் கேட்டது. அம்மா அழுதுகொண்டே சிரித்தார். பெரிய திருநாளில்கூட அப்படியொரு சந்தோசத்தை நான் கண்டதில்லை.

வீடு வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூப்பருக்கே செபம் எடுத்துக் கொடுத்தவள் அல்லவா நான்! ஒரு பக்கம் சொந்தத் தம்பி, மறுபக்கம் தம்பியைச் சுட்டவர்கள் என்று அவர் நம்பியவர்களின் உடுப்பைப் போட்ட ஒருவர். அந்த இருவருக்கும் நடுவில் நின்று மாமா எதை விழுங்கிவிட்டு வாய் திறந்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது.