ஆணியில் மாட்டிய பேட்ஜ்

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வருஷங்களும் மறந்துவிட்டன. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தீவின் தலைநகரான சுவாவில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் ஆயாவாக இருந்தேன். நவுசோரியிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். அழுகிற பிள்ளைகளை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. படம் எடுப்பவர் காதர் பாய். அந்த எக்ஸ்ரே வெளிச்சம் என் கையில் படுவது தெரிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் உற்றுப் பார்ப்பேன். சூடும் இல்லை, வாசனையும் இல்லை.

"சுடவே இல்லியே பாய், அப்புறம் என்ன பயம்?"

"சுட்டா நீயே ஓடிடுவ. சுடாததுதான் வம்பு. உள்ள போயி ரத்தத்தக் கெடுக்கும். ஈய ஏப்ரனப் போடு."

கதிரைத் தடுக்க மேலே போட்டுக்கொள்ளும் அந்த ஏப்ரன் ரொம்பக் கனம். பாதி நாள் போடமாட்டேன்.

மார்பில் குத்திக்கொள்ள ஒரு சின்ன பேட்ஜும் கொடுத்தார்கள். உள்ளே பிலிம் இருக்கும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கழுவிப் பார்த்து, உடம்பில் எவ்வளவு பட்டது என்று சொல்வார்கள். சர்க்கார் சாமான், பிள்ளைகள் பிடுங்கிவிடும் என்று பயந்து, அதை அறைக்குள்ளேயே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வேலை செய்தேன்.

ஒரு நாள் பாய் பேட்ஜ் கணக்கு வந்த கடிதத்தோடு வந்தார். "அரே, என்னம்மா செஞ்ச? மெஷினுக்குள்ளயே குடித்தனம் பண்ணியா? எல்லாரையும்விட உன்னுதுதான் கறுத்திருக்கு."

ஆணியைக் காட்டினேன். சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "இது ஆணி வாங்கினது. நீ எவ்வளவு வாங்கின?"

அதை யாராலும் சொல்ல முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. நான் இரண்டு மாதமாக முழுகாமல் இருந்தேன். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்வது எங்கள் வீட்டு வழக்கமில்லை. ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"யா அல்லா! மொதல்ல வெளிய வா!"

ஆரம்ப மாதங்களில்தான் வயிற்றுப் பிள்ளைக்கு அதிக ஆபத்து, கெடுதல் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். என்னைத் துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். மகள் பிறந்ததும் விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன. ஆனாலும் அவள் நடக்கும்வரை, பேசும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்ப எக்ஸ்ரேக்கு வந்தபோது கதவருகில் நானே நின்றுகொண்டேன். கூட வந்த மாமியாரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, படம் எடுக்க வந்த பெண்ணின் காதோடு கேட்பேன்: "முழுகாம இருக்கியாம்மா?" சிலர் மெல்லத் தலையசைப்பார்கள். படம் எடுக்காமல் டாக்டரிடம் திருப்பி அனுப்புவேன்.

நீங்களும் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வெளிச்சத்துக்கு நம் மூன்று மாத வழக்கம் தெரியாது.

டாக்டர் சொன்னதை நான் சரியாக எழுதினேனா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.