வளைகாப்பில் பாதிச் சண்டை

என் சம்பந்தியம்மாவை நான் ஒரே ஒரு முறைதான் ஜெயித்திருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்குகிறது.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். மகளைக் கொடுத்தது காக்களூரில். மாப்பிள்ளை அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை, தங்கமான பையன், வாயே திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசிவிடுவாள்.

முதல் சண்டையில் நான் தோற்றுப் போனேன். அவர்கள் புது வீட்டுக்குக் குடி போன அன்று நான் ஒரு குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனேன். அவள் அதை ஒரு கையில் தூக்கி, எல்லோரும் பார்க்கும்படி ஆட்டினாள்.

"இன்னா சம்பந்தி, காத்தாட்டம் கீது? உள்ள ஒன்னியுமே இல்லியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு, தெருக்கோடி டீக்கடையில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். அவள் பத்து வார்த்தை பேசினால் நான் நூறு பேசினேன். கடைசியில், "உன் ஊட்டுத் தண்ணி எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது. பூரித்துப்போய் வேர்க்கடலைகூட வாங்கித் தின்றேன்.

அப்புறம்தான் தெரிந்தது. சம்பந்தி வீட்டு விசேஷத்தில் கை நனைக்காமல் எழுந்து போனால் உறவு முறிந்தது என்று அர்த்தம். அதை முறித்தது யார்? நான். அவள் ஊரெல்லாம் அப்படித்தான் சொன்னாள். "அவதான சாப்டாம பூட்டா, நான் எப்டி மருமவள அனுப்பறது?" எட்டு மாதம் என் மகள் முகத்தை நான் பார்க்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போன் செய்வாள். பேச்சு பாதி, தண்ணீர் பாதி. காக்களூர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "உன் பொண்ணு முழுவாம கீதாமே, சொல்லவேல்ல?" என்று கேட்டுத்தான் எனக்கு விஷயமே தெரியும். பெற்றவளுக்கு அடுத்தவள் சொல்லித் தெரிகிறது. அன்றைக்கு முடிவு செய்தேன், இவளை விடக்கூடாது என்று.

ஆனால் எப்படி? எனக்குத் தெரிந்தது கத்துவது ஒன்றுதான்.

நான் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். கூட்டுவது, துடைப்பது, கக்கூஸ் கழுவுவது. அங்கே ஒரு சூப்பர்வைசர், காலையில் வீட்டில் வாங்கியதையெல்லாம் எங்கள் மேல் இறக்குவான். என்னோடு வேலை செய்கிற ஒருத்தி, என்னைவிடச் சின்னவள், ஆரம்பாக்கத்துக்காரி. அவன் கத்த ஆரம்பித்தால் அவள் ஒன்றும் பதில் பேச மாட்டாள். வாளியைத் தூக்குவாள். "அழுக்குத் தண்ணி சார், மாத்திக்கினு வரேன்" என்று நடந்துவிடுவாள். அவன் பாதி வார்த்தையில் சுவரைப் பார்த்து நிற்பான். திரும்பி வரும்போது அவனுக்கு எங்கே விட்டோம் என்றே மறந்திருக்கும்.

நான் கேட்டேன், "ஏன்டி, பயமா?"

"இன்னாத்துக்குக்கா பயம்? வெறுங்கையோட போனா ஓடிப்போனேன்னுவான். வாளியோட போனா வேலையா போறேன். அவன்தான் தனியா கத்திக்கினு லூசு மாரி நிக்கணும்."

வளைகாப்புக்கு அழைக்க மாப்பிள்ளையின் அப்பா, பாவம், தட்டோடு அவரே வந்தார். ஒன்பதாம் மாதம். வளையல் அடுக்கி முடித்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அன்றைக்கே அழைத்துப் போவதுதான் வழக்கம். சம்பந்திக்கு அனுப்ப மனசில்லை. என் மகள் வந்துவிட்டால் விடியற்காலை சமையல் மாமியார் தலையில்தானே விழும்? அனுப்ப மாட்டேன் என்று அவளால் சொல்ல முடியாது. ஆனால் நானே சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டால்? அதற்குத்தான் அவள் காத்திருந்தாள். என் மகள் என்னோடு வண்டி ஏறுவதும் ஏறாததும் என் வாயில் இருந்தது.

ஏழு வகைச் சோறு நானே கிளறி, வேன் பிடித்துக் கொண்டுபோனேன். புளிச்சோறுதான் என் கைக்கு நன்றாக வரும். வேர்க்கடலையை நான் தனியாக வறுத்து, இறக்குகிற நேரத்தில்தான் போடுவேன். முதலிலேயே போட்டால் ஊறிப்போய்ப் புழு மாதிரி இருக்கும். இதை என் வீட்டுக்காரரிடம் நாற்பது வருஷமாகச் சொல்கிறேன், இன்னும் அவருக்குக் கடலை எங்கே இருந்தாலும் ஒன்றுதான்.

வளையல் அடுக்கினார்கள், சந்தனம் பூசினார்கள். என் மகள் என்னைப் பார்க்கவே இல்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்திக்கு இலை போட்டதும் நான் குண்டான் மூடியைத் திறந்தேன். சம்பந்தி வந்து புளிச்சோற்றில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள்.

"உப்பே இல்லியே. கம்பெனி கேன்டீன் சோறு மாரி கீது."

நான் கரண்டியைக் குண்டானில் போட்டேன்.

"எப்டி வாயில வெக்கிறது? கக்கூஸ் கழுவுற கையால கிளறி எட்த்துக்கினு வந்தா அப்டித்தான் இருக்கும்."

இலை முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு என்னைத் தெரியும். நாக்கு நுனியில் நல்ல நல்ல வார்த்தையாக வரிசையில் நின்றது. அதில் ஒன்று அவளுடைய தங்கை ஓடிப்போனதைப் பற்றி. இன்றைக்கு வரைக்கும் அதை நான் வெளியே விடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

குண்டானை இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கினேன். "பந்தி காத்துக்கினு கீது சம்பந்தி. போட்டுட்டு வரேன்" என்று சொல்லி நடந்தேன்.

"நான் பேசிக்கினே கீறேன், நீ பாட்டுக்குப் போற?" என்று பின்னால் சத்தம் வந்தது. முதல் இலையில் வைத்தேன். "இன்னா திமிரு பாத்தியா?" இரண்டாவது இலை. கரண்டியை வைத்துவிட்டு, அவள் சொன்ன அந்தக் கையாலேயே அள்ளி அள்ளி வைத்தேன். மூன்றாவது இலையில் இருந்த பெரியவர், மாப்பிள்ளையின் பெரியப்பா, தலையைத் தூக்காமலே சொன்னார்: "அங்க யாரு கத்தறது? இந்தாம்மா, இன்னும் ரெண்டு கை வெய்யி."

அந்த வரிசை முடியும்போது அவள் தனியாகப் பந்தல் காலோடு பேசிக்கொண்டு நின்றாள். அப்புறம் விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் காதில் வந்து, "கெளம்பலாமா மே?" என்றார்.

"பாயசம் வரல. குந்து."

இரண்டு முறை பாயசம் வாங்கினேன். வடையைப் பாதியாகப் பிட்டு, ஊறவைத்து, நிதானமாகச் சாப்பிட்டேன்.

புறப்படும் நேரம் வந்தது. மாமியார் குங்குமம் வைத்துத்தான் மருமகளை அனுப்ப வேண்டும். சம்பந்தி வெளியே வரவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டினார். "சம்பந்தி நல்லாத்தான சாப்ட்டு ஏந்துக்கிறாங்க? அப்பறம் இன்னா உனுக்கு? வந்து வுட்டுட்டுப் போ." வந்தாள். முகம் வீங்கியிருந்தது. குங்குமம் வைத்த வேகத்தில் என் மகளின் மூக்கில் கொஞ்சம் விழுந்தது.

அத்தோடு நான் சும்மா வந்திருக்கலாம். வரவில்லை.

"நீங்க இன்னும் கை நனைக்கலியே சம்பந்தி? உங்க ஊட்டு விசேஷத்துல நீங்களே சாப்டாம இருந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க? குண்டான்ல ரெண்டு பிடி கீது. உப்புப் போட்டுக் குடுக்கட்டா?"

பெரியப்பா இருமுகிற மாதிரி சிரித்தார். நான் மகளின் கையைப் பிடித்து வேனில் ஏற்றினேன்.

வெங்கல் தாண்டும் வரைக்கும் என் மகள் மூக்கில் விழுந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்புறம், "ஏம்மா, கடைசியா அந்த வார்த்த தேவையா?" என்றாள்.

"தேவதான்" என்றேன். "உன் பை எங்க? பின்னாடி கீதா?"

அவள் வளையலை உருட்டிக்கொண்டே இருந்தாள். "பை கட்டலம்மா."

"ஏன்?"

"நீ எப்டியும் கத்திட்டுத் தனியா பூடுவேன்னு நெனச்சேன். கட்டி வெச்சிட்டு மறுபடி பிரிக்கிறதுக்கு மனசு இல்ல."

சம்பந்தி ஆயிரம் சொல்லியும் சுடாதது அது சுட்டது. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டிரைவரிடம் பெரியபாளையம் கடைத்தெருவில் நிறுத்தச் சொன்னேன். மூன்று நைட்டி, உள்பாவாடை, துண்டு, எல்லாம் புதுசாக வாங்கினேன். என் மகள் நைட்டியின் பூவைப் பார்த்துப் பார்த்து அரை மணி நேரம் எடுத்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மாமனாருக்குப் போன் பண்ணி என் துணிய குடுத்தனுப்பச் சொல்லட்டா?" என்றாள்.

"வாணாம்" என்றேன். "அங்கியே கெடக்கட்டும். பீரோவத் தொறக்கும்போதெல்லாம் அவ பாக்கட்டும்."