அக்காவுக்கு வராத நோய்

அக்காவின் தலையிலிருந்த பால்குடம் கவிழ்ந்து சிராங்கூன் சாலையில் பால் ஓடியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தைப்பூசம். அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஊர்வலம் தொடங்கும் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டுக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, முட்டி மடங்காமல் தடுக்கி விழுந்தாள். தூக்கிவிட்டபோது சேலை நனைந்திருந்தது. பாலால் மட்டும் நனையவில்லை என்பது சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தக் குடம் அண்ணனுக்கான வேண்டுதல். அவளுக்கு அடுத்துப் பிறந்தவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கு முப்பது வயதுக்குள் கால்கள் விறைத்தன, சிறுநீரும் அடங்காமல் போயிற்று. தாய்வழியாக வரும் நரம்பு நோய் என்றார்கள் ஆஸ்பத்திரியில். தனக்கும் கால் பின்னுகிறது என்று அதே டாக்டரிடம் அக்கா சொன்னாள். பெண்களுக்கு இது வராது, பிள்ளைகளுக்குக் கொடுப்பதோடு சரி, தம்பியைப் பார்த்துப் பார்த்து உங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது என்று அவர் சிரித்து அனுப்பினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பித் தொலைத்தாள்.

டாக்டர் விட்ட இடத்தில் பெரியம்மா பிடித்துக்கொண்டாள்.

"விரதத்துல என்னமோ குறை வச்சிட்ட. இல்லாட்டி சாமி ஏன்டி தள்ளிவிடுது?"

"சுத்தமாத்தான் இருந்தேன் பெரியம்மா. காலுதான் சொன்ன பேச்சக் கேக்கல."

"கால்மேல பழியப் போடாத."

மறு வருடம் அண்ணன் போய்விட்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் எங்கள் புக்கிட் மேரா வீட்டில் எங்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே கொட்டிய பாலைப் பற்றிக் கிசுகிசுத்தார்கள். அவள் காதில் விழாமலா இருக்கும்? அதன்பிறகு எந்தக் கோயில் வாசலையும் அக்கா மிதிக்கவில்லை. சுவரைப் பிடித்து நடந்தாள். குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தபின் கட்டிலோடு கிடந்தாள். "என்னாலதானே அவன் போனான்" என்பாள். இல்லை என்று நான் எத்தனை சொல்லியும் நம்பவில்லை.

போன மாதம் என் கால்களைத் தட்டிப் பார்த்த இளம் டாக்டர், "பொம்பளைங்களுக்கும் வரும் லா ஆன்ட்டி. வயசாக ஆக நிறையப் பேருக்கு வருது" என்றாள். அண்ணனுக்குச் சொன்ன அதே நோய். இப்போது சொந்தக்காரர்கள் பழம் வாங்கி வந்து என்னைப் பார்த்துப் பாவம் என்கிறார்கள். என் விரதத்தில் யாரும் குறை தேடவில்லை. தம்பியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டே செத்தவளை எழுப்பி, இதை யார் போய்ச் சொல்வது?