ருஷ்ய நடனத்துக்குச் சிவப்புத் துணி

நாடகத்துக்கு உடை தைப்பவனை யாரும் முழுசாக நம்புவதில்லை. அவன் வீட்டில் போலீஸ் சட்டையும் இருக்கும், திருடன் சட்டையும் இருக்கும். ஊசி பிடித்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

துணிக்கடை

மாஸ்கோவில் நடனம் படித்துவிட்டு வந்த லலிதா டீச்சர், தஞ்சாவூர்ப் பெண்களை வைத்து ஒரு பழைய ருஷ்ய பாலே போட நினைத்தார். உடை தைக்க என்னைக் கூப்பிட்டுப் படம் காட்டினார். அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன் ருஷ்யாக்காரர்கள் நம் பக்கத்து ராஜாக்களைக் கற்பனை செய்து போட்டது: தொளதொள கால்சட்டை, தலைப்பாகை, துணிமேல் தூரிகையால் வரைந்த பெரிய வட்டங்கள். எல்லாம் சிவப்பு. அப்போது கூலி கேட்டு ஆட்கள் வயலில் செங்கொடி நட்டு அறுப்பை மறித்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் துணி ஒரு பீஸ் முழுசாகக் கேட்டதும் கடைக்காரர் கதவுப் பக்கம் பார்த்தார். கொடிக்கு இல்லை, ருஷ்ய நடனத்துக்கு என்றேன்.

"ருஷ்யாவா? அப்ப கொடிதான்."

அளவு

முக்கிய வேஷம் ஒரு மிராசுதாரின் மகளுக்கு. அளவெடுக்கப் போனால் அவரே நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் கையை அளந்தால் கையைப் பார்த்தார், டேப்பை மடித்தால் டேப்பைப் பார்த்தார்.

"முட்டி தெரியுமாய்யா?"

"இல்லீங்க. கணுக்கால் வரைக்கும் மூடியிருக்கும்."

படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு மூடுறாங்கன்னா, எதையோ மறைக்கிறாங்க."

ஸ்டேஷன்

தைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு, நடனம் நடக்கவிருந்த திருவாரூருக்கு பஸ் ஏறினேன். வழியில் போலீஸ் சோதனை. மூட்டையைப் பிரித்தால் சிவப்பு. நடுவில் நடனத்துக்குச் செய்த இரண்டு மரக்கத்தி. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பாலே என்று நான் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரின் சந்தேகம் கூடியது. "நடன உடைதானே? போட்டுக் காட்டு" என்றார்.

எல்லார் முன்னாலும் கால்சட்டையை மாட்டி, தலைப்பாகை வைத்து நின்றேன். வெட்கத்தில் காது சுட்டது. ஏட்டு என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு எவனும் அறுப்பை மறிக்க மாட்டான் சார்" என்றார். விட்டுவிட்டார்கள்.

மூலையில் அறுப்பு மறித்ததற்காகப் பிடித்துவந்த ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டை கட்டும்போது அவர்கள் பக்கம் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அந்த அம்மாள்தான் மெதுவாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, எங்களுக்கும் அப்படி ரெண்டு தைச்சுக் குடுங்க. வீட்டுக்குப் போகணும்."

ஊரே அந்த உடையை உற்றுப் பார்த்தது, தையல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.