தலைவலிக்காரர்களும் டாக்டர்கள் சங்கமும்

மனநோய் டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்திருக்கிறீர்களா? ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று எங்காவது மேஜை முன்னால் உட்கார்ந்து ஊரார் பெயரை எழுதுகிறவர்களுக்கு என் பாடு புரியும். நாடு முழுக்க இருக்கும் மனநோய் டாக்டர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலேயே இருக்காமல் கிராமத்துக்கும் போங்கள் என்று அந்தச் சங்கம் சொன்னதால், மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் சனிக்கிழமைதோறும், மெட்ராஸை அடுத்த வல்லம் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயில் கூடத்துக்கு வந்தார். மாத்திரையும் சங்கம் அனுப்பியதுதான். எட்டாவது படித்தவள், எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று என்னைச் சீட்டு எழுத வைத்தார்கள். மடியில் என் ஐந்து மாத மகள்.

எல்லாருக்கும் ஒரே வியாதி

பதிவுப் புத்தகத்தில் பெயர், ஊர், 'என்ன தொந்தரவு' என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டம் வந்ததும் எல்லாரும் "தலைவலி" என்பார்கள். தனக்குத் தானே பேசுகிறவருக்கும் தலைவலி, ஒரு மாதமாகச் சோறு இறங்காதவருக்கும் தலைவலி. பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும்போது வேறென்ன சொல்வார்கள்? உள்ளே போய் டாக்டரிடம் நிஜத்தைச் சொல்லிக்கொள்வார்கள். நானும் சொன்னபடி எழுதினேன்.

ஒரு நாள் சவரியம்மா தன் மருமகள் ரோசாலியைக் கூட்டி வந்தார். பிள்ளை பெற்று இருபது நாள். தூக்கம் இல்லை, குழந்தையைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அவளைத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிடுவேன் என்று புருஷன் நிற்கிறானாம். குழந்தை பசியில் கத்த, நானே வாங்கிப் பால் கொடுத்தேன். ஒரு தொடையில் என் மகள், மறு தொடையில் அது, நடுவில் பேனா. சவரியம்மா குனிந்து என் காதில் சொன்னார்: "இவளுக்கும் தலைவலின்னே எழுதிடும்மா. வூட்ல இன்னும் ரெண்டு பொண்ணு கட்டிக் குடுக்கணும்."

கொடி இல்லாத சங்கம்

அம்பத்தூரில் லேத் ஓட்டும் எங்கள் ஊர் மாணிக்கம் அண்ணன், ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்டு வந்தவர். மாத்திரை டப்பாவில் சங்கத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, "டாக்டருங்களுக்கும் சங்கமா? இன்னா கலர் கொடி சார்?" என்றார்.

கொடி கிடையாது என்றார் டாக்டர். வருஷத்துக்கு ஒரு முறை கூடி, புது வைத்தியத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுப்பார்களாம். நோயாளியைச் சங்கிலியில் கட்டக்கூடாது, பழைய சட்டத்தை மாற்றுங்கள் என்று சர்க்காருக்கு எழுதுவார்களாம். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவார்களாம். மாணிக்கம் அண்ணன் டாக்டரைப் பாவமாகப் பார்த்தார். "ஸ்டிரைக்கே பண்ணாம வெறும் லெட்டர் போட்டுகினு இருந்தா எவன் சார் தருவான்?"

மாட்டிக்கொண்டேன்

ரோசாலி தேறி, குழந்தையைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்த சமயம், சங்கத்திலிருந்து டாக்டருக்குக் கடிதம் வந்தது. என் பதிவுப் புத்தகத்தின் நகல் அவர்களுக்குப் போயிருக்கிறது. அத்தனை பேருக்கும் தலைவலி என்றால் அங்கே மனநோய் டாக்டர் எதற்கு? இரண்டு பேர் நேரில் வந்து பார்ப்பார்கள், தேவையில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். தன் குறிப்பைத் தனி நோட்டில் எழுதிவந்த டாக்டர் என் புத்தகத்தைப் பிரித்தே பார்த்ததில்லை. அந்த நோட்டை யாருக்கும் காட்டமாட்டேன் என்று நோயாளிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை, சிரித்தார்.

ரோசாலி இன்னும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இங்கே மூடினால் மெட்ராஸுக்குக் கூட்டிப்போக அந்தப் புருஷன் லீவு போடுகிறவனா? சங்கத்திலிருந்து வருகிறவர்களிடம் நிஜத்தைச் சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. சவரியம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்: "வேற இன்னா வேணா கேளும்மா, செய்யறேன். இத மட்டும் கேக்காத."

வந்தவர்கள்

வந்த இரண்டு பெரிய டாக்டர்களுக்கும் தமிழ் தெரியாது. "இங்க எதுக்கு வர்றீங்கன்னு கேக்கறாங்க" என்றார் எங்கள் டாக்டர். கூடம் நிறைய ஆள், அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ரோசாலி எழுந்தாள். சவரியம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை.

"புள்ள பொறந்ததும் எனக்கு மனசு சரியில்லாம பூடுச்சு. யார் வூட்டுப் புள்ளையோன்னு பாத்துகினு கெடந்தேன். இங்க வந்தப்புறந்தான் அது எம்புள்ளன்னு தெரிஞ்சுது."

டாக்டர் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் மாணிக்கம் அண்ணன் எழுந்துவிட்டார், அப்புறம் ஏழெட்டுப் பேர். கிளினிக் நடக்கட்டும் என்று வந்தவர்கள் அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

நாட்டின் மனநோய் டாக்டர்கள் அத்தனை பேரும் கூடி நடத்தும் சங்கத்தின் கிளினிக் எங்கள் ஊரில் நிலைக்க, ஒரு மருமகள் மாமியார் கையை உதற வேண்டியிருந்தது. அந்த மாமியாரே கடைசியாக எழுந்து, வந்தவர்களில் மூத்தவரிடம் கேட்டார்: "ஐயா, ஒங்க சங்கத்துல பொம்பள டாக்டரு யாரனா இருந்தா ஒருத்தர இங்க அனுப்புங்க. எங்களுக்குச் சொல்றதுக்கு இன்னும் நெறைய கீது."