வெள்ளைக் கோடு

மகளின் உதட்டு வெடிப்புக்கு வாங்கிய களிம்பைத் திறந்ததும் தேன்மெழுகு வாசனை அடித்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஜவ்வாது மலையில் நானும் தங்கை மல்லிகாவும் தங்கிப் படித்த விடுதி இப்போது இல்லை. அந்த இடத்தில் ஆடு மேய்கிறது. மார்கழி முழுக்க, சிமெண்ட் தொட்டியின் பச்சைத் தண்ணீரில் துணி சோப்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு, பல் கிட்டிக்க வரிசையில் நிற்போம். வார்டன் அம்மா ஒவ்வொருத்தி கையிலும் நகத்தால் கீறிப் பார்ப்பார். வறண்ட தோலில் வெள்ளைக் கோடு விழும். வறட்சி என்று அந்த மூளைக்கு எட்டாது, அழுக்கு என்பார்.

"இன்னாடி, தண்ணிய பாத்துட்டு வந்துட்டியா? போய்ட்டு திரும்ப ஊத்திக்கினு வா."

குளிக்கக் குளிக்கத் தோல் வெடித்தது. வெடிக்க வெடிக்கக் கோடு விழுந்தது.

அம்மா விளக்கெண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, இரண்டு பேருக்குமாக ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருந்தாள். ஒரு நாள் அதில் ஒருத்திக்குப் பூசத்தான் மிச்சம் இருந்தது. நான் பூசிக்கொண்டேன். என் கையில் கோடு விழவில்லை. மல்லிகாவை மறுபடி தொட்டிக்கு அனுப்பினார்கள். ரத்தம் கசிந்த கையோடு வந்து என் பக்கத்தில் நின்றவள், மெதுவாக முகர்ந்தாள்.

"அக்கா, உங்கிட்ட தேன் வாசன வருது."

வேறெதுவும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.