அம்மா பிச்சிப்பூ வைத்த கல்யாணம்

தம்பியின் கல்யாண ஓலையைக் கோயிலில் முதல்முறை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். என்னைக் கட்டிக்கொடுத்தது தக்கலையில். ஓலை கேட்பதற்காகவே காலை பஸ் பிடித்துக் குளச்சலுக்கு வந்திருந்தேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பதைத்தான் எங்கள் பக்கம் ஓலை வாசிப்பது என்போம்.

அன்று சாமியாரின் பிரசங்கமும் கல்யாணத்தைப் பற்றியே இருந்தது. கிறிஸ்து மணவாளன், திருச்சபை அவருடைய மணவாட்டி என்றார். திருச்சபை என்றால் இந்தக் கட்டடம் இல்லை, கடலுக்குப் போகிறவர், மீன் விற்கிறவர், பிள்ளைகள், கிழவர்கள், நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான் அந்தக் கல்யாணப்பெண் என்றார். ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. விசைப்படகு ஓட்டுகிற என் தம்பியை அவன் கூட்டாளிகள் விலாவில் இடித்தார்கள். அவன் காது சிவந்துபோனது.

அம்மா சிரிக்கவில்லை. பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தாள்.

தம்பி பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா பூ வைத்ததில்லை. நிறமுள்ள சேலைகளை எனக்குக் கொடுத்துவிட்டாள். வைக்கக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, ஊரில் அப்படித்தான் நடக்கும், அவளும் அப்படியே நடந்தாள். தக்கலை சந்தையில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டால் அம்மாவின் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. ஆனால் கல்யாண வீடுகளில் பின்னால் போய் நின்றுகொள்வாள். என் கல்யாணத்தன்றுகூட என் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பியது சித்திதான். அம்மா அடுக்களையில் நின்றாள். காரில் ஏறும்போது அவளைத் தேடித் தேடி என் கண் வலித்தது.

பூசை முடிந்து சாமியார் வாசலில் நின்றபோது அம்மா நேரே அவரிடம் போனாள்.

"சாமி, ஒரு காரியம் கேக்கட்டா?"

"கேளுங்கம்மா."

"எல்லாரும் மணவாட்டின்னு சொன்னியளே, அதுல தாலியறுத்தவளும் உண்டா?"

சாமியார் சிரிக்கப் போனவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "உண்டும்மா. ஒருத்தரையும் விட்டுவைக்கல."

"அப்பம் கல்யாணப்பொண்ணு பூ வைக்காம நிக்கலாமா?"

"வைக்கக்கூடாதுன்னு கோயில் ஒருநாளும் சொன்னதில்லையேம்மா."

"செரி சாமி" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாள். நான் பின்னாலேயே ஓடி, "என்னம்மா அப்படிக் கேட்டுட்ட?" என்றேன்.

"தெரியாதத கேட்டேன். வேகம் நட, மீனு வாங்கணும்."

அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. கல்யாண வேலையில் நானும் மறந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை, தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூவை வீட்டுப் பெண்களுக்கு நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா தலைவாரிப் பின்னி, என் முன்னால் வந்து முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு முழம் வையிட்டி."

அத்தை அப்போது அறைக்குள் இருந்தாள். அப்பாவின் தங்கை, அவளும் கணவனை இழந்தவள். "என்ன மதினி செய்யுதிய? நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"சாமி சொன்னத நீயும் கேட்டியல்லா?"

"அது பிரசங்கம், மதினி."

"கோயில்லயே விட்டுட்டு வரதுக்கா பிரசங்கம்?"

அத்தையின் குரல் உடைந்தது. "எனக்க அண்ணன மறந்திட்டியளா?"

நான் பூவைக் கையில் வைத்தபடி நின்றேன். அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் வலது கையை அத்தையின் பக்கம் நீட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"மறந்திருந்தா இப்பிடி நடுங்குமாட்டி?"

அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நான் பந்தல்ல ஆளு வந்தாச்சான்னு பாக்கட்டு" என்று வெளியே போய்விட்டாள். நான் பூவைச் செருகி ஊசி குத்தினேன்.

கோயிலில் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து குசுகுசுப்பு கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசல் நடையில் அவளே நின்று, பிள்ளைக்கும் மருமகளுக்கும் நெற்றியில் பெருவிரலால் சிலுவை வரைந்தாள். மருமகள் குலசேகரத்துப் பெண், ரப்பர் தோட்டக்காரரின் மகள். எங்கள் வீட்டு வழக்கமெல்லாம் அவளுக்குத் தெரியாது. மாமியார் பூ வைத்திருப்பதில் அவளுக்குப் புதுமை ஒன்றுமில்லை. குனிந்து, "அம்மா, பிச்சிக்க மணம் வாசல் வரைக்கும் வருது" என்று மட்டும் சொன்னாள். அம்மாவுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. நானும் அழுதேன், ஆனால் அது நல்ல அழுகை.

ஊர் கொஞ்சநாள் பேசியது. பிறகு சாளை மீன் சீசன் வந்தது, பேச யாருக்கும் நேரமில்லை. அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமையும் திருநாளும் பூ வைக்கிறாள். மற்ற நாளில் தலையில் மீன்கூடை, மீன்வெள்ளம் சொட்டும், பூ வீண் என்கிறாள். அத்தை இன்றுவரை வைக்கவில்லை. அம்மா அவளை வற்புறுத்தியதும் இல்லை. சாயங்காலச் சாயா இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான்.

மருமகளோடு அம்மாவுக்கு ஒரே ஒரு சண்டை. மீன்குழம்பில் தேங்காயை அள்ளிப் போடுகிறாளாம். போனவாரம் போனபோதும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. "கொழம்பா, பாயசமாட்டி இது?" என்று அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போட்டாள். "நேத்து ரெண்டு தடவ விட்டுத் தின்னியளே!" என்று மருமகள் திருப்பிச் சத்தம் போட்டாள். தம்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.